எட்டு ஐம்பத்தைந்துக்கு ஒரு ஸ்டவுட்

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் மளிகைக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆகவே இது யார் கடை என்று தேடிக்கொண்டு யாரும் கிளம்ப வேண்டாம், பெயர்களை மாற்றிவிட்டேன். என் பெயர் சுகுமாறன். எதிர் வரிசையில் போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். நகலெடுப்பது, லேமினேட் செய்வது, ரப்பர் முத்திரை வெட்டுவது, இவற்றுக்கு நடுவே எதிர்க்கடையை வேடிக்கை பார்ப்பது. இருபது வருடமாக இதுதான் என் பிழைப்பு.

எதிர்க்கடை கமலநாதனுடையது. வயது ஐம்பத்தெட்டு. நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் இரண்டு பேனா, வாயில் புத்திமதி. வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. இதை நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, சர்க்கரை வாங்கப் போனாலே சொல்லிவிடுவார். காரணம் உண்டு. அவருடைய அப்பா காப்பார் பக்கம் ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர். சம்சு என்கிற மலிவுச் சாராயம் அவரை நாற்பத்தொரு வயதில் கொண்டுபோய்விட்டது. அப்போது கமலநாதனுக்குப் பதினான்கு, தங்கை வீரம்மாவுக்கு ஒன்பது. அப்பாவைத் தூக்கிப் போகுமுன் தங்கையின் கையில் அடித்துச் சத்தியம் செய்தாராம், நான் தொட மாட்டேன் என்று. அதை அவர் காப்பாற்றினார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. கடையின் பின்சுவரை ஒட்டி நிற்கும் சில்லர் என்கிற கண்ணாடிக் குளிர்பெட்டியைப் பார்க்கும்போதுதான் எனக்குச் சிரிப்பு வரும். அது முழுக்க பீர்.

“ரசப்பொடியும் அப்பளமும் வித்து இந்த ஏரியாவுல வாடகை கட்ட முடியுமா, சுகு?” என்று கேட்பார். முடியாதுதான். ஆக, குடிக்காத கமலநாதன் குடிப்பவர்களுக்கு பீர் விற்றார். விற்கிற கையோடு குடிக்காதே என்றும் சொன்னார். ஒவ்வொரு பாட்டிலையும் பழைய தமிழ்ப் பத்திரிகையில் சுற்றித்தான் கொடுப்பார். வெளியே தெரிந்தால் வாங்குகிறவருக்கு அவமானமாம். அவர் செய்த இந்த உபகாரத்தால், எங்கள் வரிசையில் பத்திரிகை சுற்றிய பொருள் என்றாலே பீர் என்று ஆகிவிட்டது. நல்லெண்ணெய் வாங்க வரும் பெண்கள், “அண்ணே, பேப்பர்ல மட்டும் சுத்திடாதீங்க” என்று கெஞ்சுவார்கள்.

பிறகு சட்டம் வந்தது. மளிகைக் கடைகளில் கடும் மதுவகை கூடவே கூடாது, பீர் மட்டும் காலை ஏழிலிருந்து இரவு ஒன்பது வரை விற்கலாம் என்று மாநகர் மன்றம் சொல்லிவிட்டது. மற்ற கடைக்காரர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். கமலநாதன் ஒருவருக்குத்தான் கொண்டாட்டம். இத்தனை நாள் தனியாளாகச் சொல்லிவந்ததை இப்போது அரசாங்கமே சொல்கிறது அல்லவா. நான்கு மொழிகளில் அறிவிப்பு எழுதி என்னிடம் லேமினேட் செய்து சில்லரில் ஒட்டினார். சங்கிலியும் பூட்டும் வாங்கினார். பெரிய சுவர்க் கடிகாரம் ஒன்றை மாட்டி, கைத்தொலைபேசியைப் பார்த்து நொடிமுள் வரைக்கும் சரிசெய்தார். ஒன்பது ஆனதும் பூட்டு விழும். எட்டு ஐம்பத்தொன்பதுக்கு வரிசையில் நின்றவன் ஒன்பதுக்குக் கல்லாவுக்கு வந்தாலும் வெறுங்கையோடுதான் போக வேண்டும்.

மூன்று மாதத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. முன்பெல்லாம் பத்து மணிக்கு வந்து ஒரே ஒரு டின் வாங்கிப் போனவர்கள், இப்போது எட்டரைக்கே வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று ஆறு டின் வாங்கினார்கள். கடையில் தினமும் அரை மணி நேரம் திருவிழாக் கூட்டம். சில்லர் ஒன்று போதாமல் இரண்டாவது வந்தது. குடியைக் குறைக்க வந்த சட்டத்தால் எங்கள் வரிசையில் முன்னுக்கு வந்த ஒரே மனிதர் கமலநாதன்தான். அதற்காக அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுக்கொண்டே அடுத்த லோரிக்கு ஆர்டர் கொடுத்தார்.

அந்தக் கூட்டத்தில் சேராத வாடிக்கையாளர் ஒருவர் இருந்தார். சிவசம்பு. பின்தெரு அடுக்குமாடியில் இருந்த யாழ்ப்பாணக் குடும்பம். அரசாங்கத்தில் லைசென்ஸ் பிரிவில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தாறு வயதிலும் சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, சப்பாத்துக் காலோடுதான் கடைக்கு வருவார். முன்பு ஒன்பதரைக்கு வந்துகொண்டிருந்தவர், சட்டம் வந்த பிறகு எட்டு ஐம்பத்தைந்துக்கு மாறினார். ஒரு பாட்டில் ஸ்டவுட், அந்தக் கறுப்பு பீர். இரண்டு வாங்கியதே இல்லை. வாங்காத நாளும் இல்லை.

கமலநாதனுக்கு அவரைக் கண்டால் போதும், உபதேசம் ஊற்றெடுத்துவிடும்.

“அங்கிள், இந்த வயசுல இது தேவையா? ஈரல் என்னாத்துக்கு ஆகும்?”

“தம்பி, விக்கிறதுக்கு உமக்கு லைசென்ஸ் இருக்குது. புத்தி சொல்லுறதுக்கும் லைசென்ஸ் எடுத்தனீரோ?”

“ஒரே ஒரு நாள் விட்டுப் பாருங்க.”

“உம்மட மணிக்கூடு ஒரு நிமிசம் முந்துது. அதை முதல்ல பாரும்.”

பதினொரு வருடமாக இதே பேச்சு. மணிக்கூடு மட்டும் சட்டத்தோடு வந்து சேர்ந்தது. ஒருநாள் மழையில் மாட்டிக்கொண்டு சிவசம்பு ஒன்பது ஒன்றுக்கு வந்தார். கமலநாதன் கையை விரித்துவிட்டார். அதற்குச் சில நாள் முன்புதான் அவருடைய மனைவி அமுதவள்ளி பாவம் பார்த்து ஒருவனுக்கு ஒன்பது இரண்டுக்கு விற்று, அதிகாரிகளிடம் எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தார். இன்னொரு முறை என்றால் லைசென்ஸ் போய்விடும்.

“விக்கத்தானே தடை? சும்மா குடுக்கிறதுக்குத் தடை இல்லை. நான் அந்தப் பேப்பர்களோட முப்பது வருசம் இருந்தவன்” என்றார் சிவசம்பு.

“அது ஏமாத்து வேலை, அங்கிள். இன்னிக்கி சும்மா குடுத்துட்டு நாளைக்கி காசு வாங்குனா, வித்த மாதிரிதானே?”

சிவசம்பு வீட்டுக்குப் போகவில்லை. ஐந்தடி நடைபாதையில் கால் மணி நேரம் அங்கும் இங்கும் நடந்தார். ஒரு பாட்டில் இல்லாமல் வீட்டுக்குப் போக அவ்வளவு தயங்கிய மனிதரை நான் பார்த்ததில்லை. கமலநாதன் என்னிடம் வந்து, “பாத்தியா சுகு, குடி ஒரு மனுசன எப்படி ஆட்டுதுன்னு” என்று தலையில் அடித்துக்கொண்டார். நானும் ஆமாம் போட்டேன். எனக்கும் அவ்வளவுதான் புத்தி.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் சிவசம்பு தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். மாரடைப்பு. கமலநாதன் கடையைச் சாத்திவிட்டுச் சுடுகாடு வரைக்கும் வந்தார். திரும்பி வந்து கடை வாசலில் இறங்கியதும் சொன்னார். “எங்கப்பாவுக்கு எவனோ வித்தான். இவருக்கு நான் வித்தேன்.” அந்த ஒரு வாரமும் அவர் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுத்தார், மிச்சக் காசு கொடுத்தார், கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய உபதேசம் இல்லாமல் கடை என்னவோ போல் இருந்தது.

யாழ்ப்பாணத்தார் வீட்டில் எட்டாம் நாள் மாலை ஒரு படையல் உண்டு. இறந்தவர் ஆசையாகச் சாப்பிட்டது, குடித்தது, புகைத்தது எல்லாவற்றையும் வாழையிலையில் வைத்துக் கும்பிடுவார்கள். சிவசம்புவின் மனைவி கிறிஸ்தவர் என்பதால் இதைச் செய்ய வேண்டியவர் தம்பி பரமேஸ்வரன். கிள்ளானிலிருந்து நண்டுக்கறியோடு ஐந்து மணிக்கே புறப்பட்டவர், கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் உட்கார்ந்து, ஒரு வழியாக எட்டே முக்காலுக்கு வந்தார். இலை போட்டு, நண்டு வைத்து, கூழ் வைத்து, சுருட்டு வைத்த பிறகுதான் யாரோ கேட்டிருக்கிறார்கள், ஸ்டவுட் எங்கே என்று. ஊருக்கே தெரிந்த விஷயம் அல்லவா அது.

பரமேஸ்வரன் வேர்க்க விறுவிறுக்கக் கடைக்கு வந்தபோது மணி ஒன்பது ஆறு. சில்லரில் பூட்டு தொங்கியது. அடைக்கிற நேரம் ஆனதால் நானும் அங்கேதான் நின்றேன்.

“அண்ணருக்கு இண்டைக்கு எட்டாம் நாள். அந்த ஒண்டு இல்லாம படைக்க ஏலாது” என்றார் அவர்.

கமலநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். தான் ஒட்டிய அறிவிப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். லைசென்ஸ் போனால் கடை போகும். அதைவிட, ஒன்பதுக்கு மேல் கமலநாதன் கடையில் கிடைக்காது என்கிற பெயர் போகும். அந்தப் பெயரைத்தான் அவர் திருநீறு மாதிரி தினமும் பூசிக்கொண்டு வந்தார்.

சாவியை எடுத்துச் சங்கிலியைக் கழற்றினார். ஒரு ஸ்டவுட்டை எடுத்துப் பத்திரிகையில் சுற்றினார். பரமேஸ்வரன் பணப்பையைத் திறந்ததும், “வேணாம் சார். இன்னிக்கும் வேணாம், நாளைக்கும் வேணாம். நான் விக்கல, குடுக்கறேன்” என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, “நீயும் வா சுகு, சாட்சிக்கு” என்றார்.

மூன்று பேருமாகப் போனோம். சிவசம்புவின் படத்துக்கு முன்னால் கமலநாதனே பாட்டிலைத் திறந்து, கண்ணாடிக் குவளையில் பாதி ஊற்றி, இலையோரம் பாட்டிலோடு வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கும்பிட்டார். மன்னிப்புக் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். சிவசம்புவின் மனைவி மார்க்கிரட் ஆன்டி கறுப்பு கவுனில் மூலையில் அமர்ந்திருந்தார். தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி நடத்துகிறவர், பெண்கள் ஜெபக் குழுவுக்கு அவர்தான் தலைவி. அவருக்கு முன்னால் யாரும் இரைந்து பேசக்கூட மாட்டார்கள். படையல் முடிந்ததும் அவரே எழுந்து குவளையையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

கை கழுவலாம் என்று நாங்கள் இருவரும் பின்னால் போனோம். மார்க்கிரட் ஆன்டி முக்காலியில் உட்கார்ந்து, மூடி போட்ட தேநீர் மக் ஒன்றில் ஸ்டவுட்டை நுரை வராமல் சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்தார். நல்ல பழக்கப்பட்ட கை. எங்களைப் பார்த்து அவர் பதறவில்லை. கடைசிச் சொட்டு வரை ஊற்றிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“கதவைச் சாத்தும், கமலநாதன்.”

சாத்தினார்.

“எட்டு நாளாச்சு” என்றார் ஆன்டி. ஒரு வாய் குடித்தார். “அவர் ஒரு சொட்டும் தொட்டதில்லை. அந்த மணமே அவருக்கு ஒத்துக்கொள்ளாது. மகள் பிறந்தப்போ, பால் ஊறும் எண்டு மாமிதான் எனக்கு இதைத் தந்தவ. முப்பது நாளைக்கு எண்டுதான் சொன்னவ. நாப்பது வருசமாச்சு. நான் போய்க் கடையில வாங்கினா சேர்ச்சில என்ன சொல்லுவினம்? ஆம்பிளை வாங்கினா ஆர் கேக்கப்போயினம் எண்டு அவரே போய் வாங்கிக்கொண்டு வந்தார்.”

ஆன்டி கீழே வைத்த காலிப் பாட்டிலைக் கமலநாதன் எடுத்துப் பார்த்தார்.

“நீர் சொன்ன புத்தி ஒண்டும் வீண் போகேல்ல. ஈரல் கதை, ஒரு நாள் விட்டுப் பாரும் எண்ட கதை, எல்லாத்தையும் வந்து உம்மட குரலிலயே எனக்குச் சொல்லிக் காட்டுவார். நான் சிரிச்சுக்கொண்டு குடிப்பன்.” அதைச் சொல்லிவிட்டு ஆன்டி அழுதார். எட்டு நாளில் அவர் அழுது அப்போதுதான் பார்த்தேன். மழை பெய்த அன்று நடைபாதையில் அங்கும் இங்கும் நடந்த சிவசம்பு என் கண்முன் வந்தார். குடி ஆட்டுகிறது என்று சொன்ன எங்கள் இருவரையும் செருப்பால் அடித்திருக்கலாம்.

மறுநாள் எட்டு ஐம்பத்தைந்துக்கு, கடையில் கூட்டம் நெரிகிற நேரத்தில், கமலநாதன் ஒரு ஸ்டவுட்டை எடுத்துப் பத்திரிகையில் சுற்றினார். கல்லாவை அமுதவள்ளியிடம் விட்டுவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார். அதற்கு அடுத்த நாளும். ஆன்டிக்கு மூட்டுவலி, கடைக்கு வர முடியாது. வந்தாலும் வாங்க முடியாது. பதினொரு வருடம் ஒரு மனிதன் சுமந்த கெட்ட பெயர் அநாதையாகக் கிடந்தது. இவர் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

ஊருக்கு மூன்று வாரம் போதுமானதாக இருந்தது. கமலநாதன் தினமும் எட்டு ஐம்பத்தைந்துக்குப் பத்திரிகை சுற்றிய பொருளோடு பின்தெருவுக்குப் போகிறார். எங்கள் வரிசையில் அது என்ன பொருள் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். தெரிய வைத்தவரே அவர்தான். சிவசம்பு போன துக்கத்தில் ஆரம்பித்துவிட்டார் என்றார்கள் சிலர். விற்கிறவன் எத்தனை நாளைக்கு வாயைக் கட்டுவான் என்றார்கள் பலர். கோயில் மண்டபத்தில் வருடாவருடம் நடக்கும் மது எதிர்ப்புக் கூட்டத்தில் அவர் தவறாமல் பேசுவார், கூட்டம் தவறாமல் கொட்டாவி விடும். அந்த வருடம் அவரைக் கூப்பிடவே இல்லை.

அமுதவள்ளிக்கு மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தார். “நல்லவருன்னு பேரு வாங்கி இத்தன வருசம் என்னா கண்டீங்க? போயிட்டு வாங்க” என்று பாட்டிலை அவரே சுற்றிக் கொடுத்தார். தங்கை வீரம்மாவிடம்தான் சொல்ல முடியவில்லை. அவர் காப்பாரிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, “அப்பா மாதிரியே ஆயிட்டியா? என் கையில அடிச்ச சத்தியம் எங்க போச்சு?” என்று கேட்டிருக்கிறார். வீரம்மாவுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் கிள்ளான் பக்கத்துப் பண்டமாரான் வரைக்கும் தெரிந்துவிடும். அங்கே ஆன்டியின் தேவாலயத்துச் சொந்தங்கள் இருந்தன. ஆகவே கமலநாதன் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டார். வீரம்மா தொலைபேசியை வைத்துவிட்டார். இரண்டு தீபாவளிக்கு அண்ணன் வீட்டுப் படி ஏறவில்லை. அந்த இரண்டு தீபாவளியும் கமலநாதன் கடையைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. சொல்லித் தொலையுங்களேன் என்றேன். “நான் குடிக்கலன்னு சொன்னா, அப்ப யாருக்குன்னு கேப்பாங்கல்ல” என்றார்.

போன தை மாதம் மார்க்கிரட் ஆன்டி இறந்தார். தேவாலயம் நிரம்பி வழிந்தது. தூய வாழ்வு வாழ்ந்த தாய் என்று பாதிரியார் பேசினார். கடைசி வரிசையில் நின்ற கமலநாதன் எல்லோரையும் விடச் சத்தமாக ஆமென் சொன்னார்.

அதோடு எட்டு ஐம்பத்தைந்து நடை நின்றது. ஊர் அதையும் கவனித்தது. கமலநாதன் குடியை விட்டுவிட்டார். ஒரே நாளில், சுவடே இல்லாமல். கோயில் செயலாளர் நேரே கடைக்கு வந்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்த வருடம் கூட்டத்தில் நீங்கள்தான் பேச வேண்டும், மீண்டு வந்தவர் சொன்னால்தான் ஜனங்கள் கேட்பார்கள் என்றார். சான்றிதழ் அடிக்கும் வேலை எனக்கு வந்தது. ‘மதுப் பழக்கத்திலிருந்து மீண்டு பிறருக்கு வழிகாட்டியாகத் திகழும் திரு. கமலநாதன் அவர்களுக்கு.’ தங்க நிற ஓரம் போட்டு அச்சடித்தேன். லேமினேட் இயந்திரத்தில் அது உள்ளே போய் வெளியே வருகிறவரைக்கும் சிரித்தேன். வெளியே வந்ததும் சிரிப்பு வரவில்லை.

“இப்பவாவது சொல்லலாமே. அவங்கதான் இல்லயே” என்றேன்.

“செத்தவங்களுக்கும் பேரு இருக்கு லா, சுகு. எனக்குத்தான் புதுசா ஒண்ணு அடிச்சிட்டியே” என்றார்.

கூட்டத்தன்று வீரம்மா வந்திருந்தார். முதல் வரிசையில், முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி. கமலநாதனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், மாலை போட்டார்கள். முன்பு கொட்டாவி விட்ட அதே மண்டபம் மூச்சுவிடாமல் காத்திருந்தது. ஈரல், குடும்பம், அரசாங்கம் என்று அவர் ஆரம்பிப்பார் என நினைத்தேன். அவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு தங்கையைப் பார்த்தார்.

“இனிமே தொட மாட்டேன், வீரம்மா” என்றார்.

அவ்வளவுதான். மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. வீரம்மா மேடையேறி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினார். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டு, பதினான்கு வயதில் செய்த அதே சத்தியத்தை அவர் இரண்டாம் முறை செய்தார். நானும் கை தட்டினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

சான்றிதழை அவர் சில்லரில், அறிவிப்புக்குப் பக்கத்தில் மாட்டினார். மறுநாள் எட்டு ஐம்பத்தைந்துக்கு நான் அங்கே இருந்தேன். அவருடைய கை தானாகவே சில்லருக்குள் போய் ஒரு ஸ்டவுட்டை எடுத்தது. பத்திரிகையை விரித்தார், சுற்றினார், கல்லாவைத் தாண்டி இரண்டு அடி வைத்தார். பிறகு நின்றார். வரிசையில் ஆறு டின்னோடு நின்ற ஒருவன் அவரையும் சான்றிதழையும் மாறி மாறிப் பார்த்தான்.

“எப்படிண்ணே விட்டீங்க?” என்று கேட்டான்.

பதினொரு வருடம் யாரும் கேட்காமலேயே பதில் சொன்ன மனிதர், கேட்டபோது வாய் திறக்கவில்லை. பத்திரிகையைப் பிரித்து மடித்து வைத்தார். பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். கண் கலங்கியிருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் கையிலிருந்த ஆறில் மூன்றை எடுத்து அந்த ஸ்டவுட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். ஒன்பதுக்குக் கமலநாதன் சில்லரைப் பூட்டினார்.